ஃப்ரெண்டு போட்டோவை கேட்காமல் போடலாமா? ஸ்டேட்டஸ், டேக், ஸ்கிரீன்ஷாட்... எல்லைக்கோடு எங்கே இருக்கு?

வெள்ளிக்கிழமை மதியம், ஓஎம்ஆரில் ஒரு பிரியாணிக் கடை. பழைய டீம் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்தாச்சு. ஆனால் இப்போதைய ஆபீசில் இன்னும் பேப்பர் போடவில்லை. திங்கட்கிழமை மேனேஜரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல ஒரு செல்ஃபி. மூன்று மணிக்கு அது ஒரு நண்பரின் இன்ஸ்டா ஸ்டோரியில் ஏறுகிறது. "கங்கிராட்ஸ் மச்சி, புது கம்பெனில கலக்கு!" கூடவே ஒரு டேக். நாலரை மணிக்கு மேனேஜரிடமிருந்து போன்: "கொஞ்சம் ஃப்ரீயா? உங்ககிட்ட பேசணும்."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் படிக்கும்போதே "நம்ம செட்லயும் இப்படி ஒண்ணு நடந்துச்சே" என்று யாராவது ஒருவரின் முகம் ஞாபகம் வந்திருக்கும்.

பிரைவசி என்றாலே ஹேக்கர், ஓடிபி மோசடி, டேட்டாவை எடுக்கும் கம்பெனி என்றுதான் நம் நினைப்பு ஓடும். பாஸ்வேர்டை மாற்றுங்கள், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள் என்று ஆலோசனைகள் வரும். எல்லாம் சரி. ஆனால் இங்கே கதவைத் திறந்துவிட்டது வெளியாள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்ட நண்பர். அவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, சந்தோஷத்தில் போட்டார். அதனாலேயே பாதிக்கப்பட்டவரால் திட்டவும் முடியாது, சும்மா விடவும் முடியாது.

பூட்டு அவங்களுது, சாவி உங்க கையில

சமூக வலைத்தளங்களின் அமைப்பிலேயே ஒரு விஷயம் இருக்கு. பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஒரு படத்தை யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது, அந்தப் படத்தில் இருப்பவரின் செட்டிங்ஸ் கிடையாது. அதைப் பதிவிட்டவரின் செட்டிங்ஸ்.

உங்கள் தோழி தன் இன்ஸ்டா கணக்கை 'பிரைவேட்' ஆக வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபாலோயர்ஸ் வெறும் 60 பேர். ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர். உங்கள் கணக்கு 'பப்ளிக்'. 900 பேர் பின்தொடர்கிறார்கள், பின்தொடராதவர்களும் பார்க்கலாம். இப்போது அவருடைய படத்தை நீங்கள் போட்டால், அவர் அத்தனை கவனமாகப் போட்ட பூட்டுக்கு அர்த்தமே இல்லை. அவர் டேக் ஆகவில்லை என்றாலும் முகம் அங்கே இருக்கிறது. அவரைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் போதும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இதைவிடக் கொஞ்சம் வில்லங்கமானது. இன்ஸ்டாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள். வாட்ஸ்அப்பில் சித்தப்பா இருக்கிறார், வீட்டு ஓனர் இருக்கிறார், ஹெச்ஆர் இருக்கிறார், கேஸ் ஏஜென்சி அண்ணன், டியூஷன் டீச்சர், ஊரில் பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் இருக்கிறார்கள். நம்பரை சேவ் பண்ணிய ஒரே காரணத்துக்காக நம் வாழ்க்கையின் பார்வையாளர் ஆனவர்கள். ஒரே ஊர், ஒரே காலேஜ் நண்பர்கள் என்றால் இன்னும் சிக்கல். உங்கள் காண்டாக்ட் லிஸ்டில் இருக்கும் அதே ஆட்களில் பாதிப்பேர் நண்பரின் வீட்டுக்கும் தெரிந்தவர்கள். "உன் பொண்ணு மகாபலிபுரம் போயிருக்கா போல, ஸ்டேட்டஸ்ல பார்த்தேனே" என்று ஒரு போன் வர அரைமணி நேரம்கூட ஆகாது. வீட்டில் 'ஹாஸ்டல்ல படிக்கிறேன்' என்று சொல்லியிருப்பது நல்ல பழக்கமா இல்லையா என்பது அந்தப் பெண்ணுக்கும் வீட்டுக்கும் உள்ள விவகாரம். அதைத் தீர்த்து வைக்கும் வேலையை உங்கள் ஸ்டேட்டஸிடம் யாரும் கொடுக்கவில்லை.

ஸ்டேட்டஸ் போடும் முன் பிரைவசி பகுதியில் 'மை காண்டாக்ட்ஸ் எக்செப்ட்', 'ஒன்லி ஷேர் வித்' என்று இரண்டு வசதிகள் இருக்கின்றன. குறிப்பிட்ட சிலரை மட்டும் விலக்கலாம், அல்லது குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் காட்டலாம். இன்ஸ்டாவில் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' பட்டியல் 2018 முதல் இருக்கிறது. இவற்றைப் பலர் தங்கள் சொந்தப் படத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நண்பரின் முகம் இருக்கும் படத்துக்கு அந்தக் கவனம் வருவதில்லை.

335 பேர் கிளிக் பண்ணாங்க, 5.62 லட்சம் பேர் மாட்டினாங்க

நண்பர் வழியாக நம் தகவல் வெளியே போவது எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் உண்டு. 2018-ல் வெடித்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம்.

ஃபேஸ்புக்கில் ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் ஆப். "நீங்க எப்படிப்பட்டவர்?" என்று சொல்லும் ரகம். அதை உலகம் முழுக்கப் பயன்படுத்தியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். ஆனால் அந்த நாட்களில் ஃபேஸ்புக், ஆப்பை நிறுவியவரின் தகவலோடு அவருடைய நண்பர்களின் தகவலையும் எடுக்க அனுமதித்தது. முடிவில் 8.7 கோடி பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது.

இந்தியக் கணக்கு இன்னும் தெளிவாகப் புரியும். இங்கே அந்த ஆப்பை நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். அதாவது ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதையும் கிளிக் செய்யவில்லை, எதற்கும் 'ஓகே' சொல்லவில்லை. அவர்கள் செய்த ஒரே காரியம், கிளிக் செய்த ஒருவருக்கு நண்பராக இருந்தது.

அந்தக் கதவை ஃபேஸ்புக் பிறகு மூடிவிட்டது. ஆனால் அதன் சின்ன வடிவம் இன்றும் நம் கையில் இருக்கு. புது ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்ததும் "உங்கள் காண்டாக்ட்ஸை அணுக அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்கும். 'அலவ்' கொடுத்தால் போவது உங்கள் டேட்டா மட்டும் இல்லை. உங்கள் போனில் இருக்கும் 600 பேரின் நம்பரும், அவர்களை நீங்கள் எந்தப் பெயரில் சேமித்திருக்கிறீர்களோ அதுவும் சேர்ந்தே போகலாம். கால் டாக்ஸி ஆப்புக்கு லொகேஷன் வேண்டும், புரிகிறது. போட்டோவை கார்ட்டூனாக மாற்றும் ஆப்புக்கு உங்கள் அத்தையின் நம்பர் எதற்கு?

எந்தத் தகவல் யாருக்கு நெருப்பு?

'இதுல என்ன இருக்கு, சாதாரண போட்டோதானே' என்பதுதான் வழக்கமான பதில். போடுபவருக்கு அது சாதாரணம்தான். சிக்கல் என்னவென்றால், ஒரு தகவலின் எடை அதைத் தூக்கிக்கொண்டு இருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

கர்ப்பம் உறுதியானதும் மூன்று மாதம் வரை வெளியே சொல்லாமல் இருப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். 'கண்ணு பட்டுடும்' என்று பாட்டி சொல்வார். ஆரம்ப வாரங்களில் கருச்சிதைவு வாய்ப்பு அதிகம் என்பதால், பொறுத்திருந்து சொல்ல விரும்புகிறவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும் அந்தத் தம்பதி முடிவு செய்ய வேண்டியது. ஆர்வக்கோளாறில் தோழி ஒருவர் காலேஜ் குரூப்பில் 'சித்தி ஆகப்போறேன்' என்று போட்டுவிட, ஒருவேளை கரு தங்காமல் போனால்? அந்தக் குரூப்பில் 80 பேருக்கும் அந்தப் பெண் இரண்டாவது செய்தியையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு 'எப்போ வளைகாப்பு?'க்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிப் படமும் அப்படித்தான். டிரிப்ஸ் ஏறும் கையை மட்டும் காட்டி 'கெட் வெல் சூன் டா' என்று போடுவது அன்புதான். ஆனால் பெண் பார்க்கும் படலத்தில் இருப்பவர், வேலைக்கான மெடிக்கல் டெஸ்ட்டுக்குக் காத்திருப்பவர், நோயை வீட்டு வயதானவர்களிடம் மறைத்து வைத்திருப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். ஆஸ்பத்திரி பெயர் தெரிந்தாலே பல நேரங்களில் என்ன நோய் என்று ஊகித்துவிடலாம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. வீட்டை எதிர்த்து, சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிகள். ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட வருவதே நண்பர்கள்தான். மாலையும் கையுமாக எடுத்த படத்தை, பின்னால் சார்பதிவாளர் அலுவலகப் போர்டு தெரிய, அன்றைக்கே ஸ்டேட்டஸில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? எந்த ஊர், எத்தனை மணி, கூட யார் யார், யாருடைய கார் என எல்லாம் அந்த ஒரு படத்தில் இருக்கும். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவு அமைத்துப் பாதுகாப்பு தர வேண்டும், பாதுகாப்பான தங்குமிடங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தேடி வருபவர்களிடமிருந்து காப்பதற்கு நீதிமன்றமே சொல்ல வேண்டிய நிலை. அந்த இடத்தை, வாழ்த்துச் சொல்லும் ஆசையில் ஒரு நண்பர் காட்டிக்கொடுத்துவிட முடியும்.

சாதிச் சான்றிதழ் தொடர்பான அரட்டை, விவாகரத்து கேஸ், நீட் மார்க், ரூம் வாடகை பாக்கி, ஒருவர் தன் பாலினம் பற்றி நம்பிச் சொன்ன விஷயம்... பட்டியல் நீளும். இதில் எது நெருப்பு, எது வெறும் சாம்பல் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது.

ஸ்கிரீன்ஷாட்: மூன்றாவது ஆள் எப்போ வந்தார்?

நண்பர்கள் வட்டத்தில் அதிகம் சண்டை வருவது படத்தால் கிடையாது, ஸ்கிரீன்ஷாட்டால். "இவன் என்ன அனுப்பியிருக்கான் பாரு" என்று ஒரு சாட்டை எடுத்து இன்னொரு சாட்டில் போடுவது நொடி வேலை.

அமெரிக்கத் தகவல் தொடர்பியல் அறிஞர் சாண்ட்ரா பெட்ரோனியோ இதைப் பற்றி ஒரு கோட்பாடே எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: ஒருவர் தன் ரகசியத்தை நம்மிடம் சொன்ன நிமிடத்திலிருந்து நாமும் அதற்குக் கூட்டு உரிமையாளர் ஆகிவிடுகிறோம். அதை யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்று இருவருக்கும் ஒரு புரிதல் வேண்டும். அந்தப் புரிதலைப் பேசிக்கொள்ளாமல் விடும்போதுதான் உறவில் கொந்தளிப்பு வருகிறது. கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலத்தை ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது என்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். சாட்டுக்கும் அதே நியாயம்தான், பத்திரப்பதிவு ஆபீஸ் மட்டும் இல்லை.

தொழில்நுட்பம் காப்பாற்றுமா? ஓரளவுக்குத்தான். வாட்ஸ்அப்பில் சாதாரண சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. இன்ஸ்டா ஸ்டோரிக்கும் அதே நிலை. 2021-ல் வந்த 'வியூ ஒன்ஸ்' முறையில் அனுப்பும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வாட்ஸ்அப் தடை வைத்திருக்கிறது. ஆனால் இன்னொரு போனை மேலே பிடித்துப் படம் எடுத்தால் யார் தடுப்பது? 2025 ஏப்ரலில் 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி' என்று ஒன்று வந்தது. அதை ஆன் செய்தால் மற்றவர் அந்த சாட்டை மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்ய முடியாது, படங்கள் தானாக அவர் கேலரியில் இறங்காது. ஸ்கிரீன்ஷாட்டை அதுவும் தடுப்பதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். மிரட்டல், ஆபாசம், பணமோசடி என்று சாட்டில் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது தப்பே இல்லை, கட்டாயம் எடுக்க வேண்டும். அது ஆதாரம். போலீசிடமோ, நம்பிக்கையான பெரியவரிடமோ காட்டுவது வேறு. பொழுதுபோகாமல் இன்னொரு குரூப்பில் போட்டுச் சிரிப்பது வேறு.

டேக், குரூப், நம்பர், 'லாஸ்ட் சீன்'

டேக் செய்வதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கு. 'பிடிக்கலன்னா அன்டேக் பண்ணிக்கட்டுமே' என்பார்கள். அன்டேக் செய்தால் பெயர் மட்டும்தான் போகும். படம் அங்கேயே இருக்கும். இன்ஸ்டாவில் தன்னை யார் டேக் செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தலாம், டேக் ஆன படம் தன் புரொஃபைலில் வரும் முன் சரிபார்க்கும்படியும் வைக்கலாம். ஃபேஸ்புக்கிலும் 'ரிவ்யூ' வசதி உண்டு. ஆனால் அவையும் அவரவர் பக்கத்தில் தெரிவதை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒருகாலத்தில் ஃபேஸ்புக் படத்தில் உள்ள முகத்தைத் தானே அடையாளம் கண்டு 'இவரை டேக் செய்யலாமா?' என்று கேட்கும், ஞாபகம் இருக்கா? 2021 நவம்பரில் அந்த அமைப்பை மூடுவதாகவும், 100 கோடிக்கும் மேற்பட்டோரின் முக அடையாளப் பதிவுகளை அழிப்பதாகவும் நிறுவனம் அறிவித்தது. அந்த இயந்திரத்துக்கு முகங்களை இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் டேக் செய்த நண்பர்களுக்கும் பங்கு உண்டு.

குரூப்பில் சேர்ப்பது அடுத்தது. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஒருவரைச் சேர்த்த நொடியில் அவருடைய நம்பர் அங்கே இருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் போய்விடுகிறது. பெண்களுக்கு அதன் அர்த்தம் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்று ராத்திரியே "ஹாய், குரூப்ல உங்க டிபி பார்த்தேன்" என்று தொடங்கிவிடும். சேர்க்கும் முன் கேட்க வேண்டும், அல்லது லிங்க்கை மட்டும் அனுப்பி 'விருப்பம்னா வா' என்று விட்டுவிடலாம். தன்னை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்பதை 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றும் வசதி 2019-லேயே வந்துவிட்டது. யாருக்கும் அறிவிப்பு போகாமல், அட்மினுக்கு மட்டும் தெரியும்படி வெளியேறும் வசதி 2022-ல் வந்தது. அப்படி ஒருவர் வெளியேறினால் 'ஏன் போன?' என்று நாலு பேர் தனித்தனியாக மெசேஜ் போடாமல் இருப்பதும் மரியாதைதான்.

நம்பரைக் கொடுப்பதும் இதே கதை. ஒருவர் "அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா?" என்று கேட்டால், காண்டாக்ட் கார்டை ஃபார்வர்டு செய்வதற்குப் பதில் "உங்க நம்பரைக் கொடுங்க, அவங்ககிட்ட சொல்றேன், வேணும்னா அவங்களே பேசுவாங்க" என்று சொல்லிவிடலாம். ஒரு நிமிடம்தான் கூடுதலாகும்.

அப்புறம் அந்தப் பிரபலமான கேள்வி: "ஆன்லைன்ல இருந்தியே, ஏன் ரிப்ளை பண்ணல?" வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் 2014 நவம்பரில் வந்ததிலிருந்து எத்தனை நட்புகளில் இது சண்டையாகியிருக்கும்! லாஸ்ட் சீனையும், ஆன்லைன் காட்டுவதையும் மறைத்துக்கொள்ளலாம். அப்படி மறைத்தால் மற்றவர்களுடையதும் நமக்குத் தெரியாது. ஒருவர் அதை மறைத்து வைத்தால் நம்மைத்தான் தவிர்க்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மெசேஜைப் பார்ப்பதும் பதில் சொல்ல மனநிலை வருவதும் இரண்டு வேறு விஷயங்கள்.

லைவ் லொகேஷனை மட்டும் கொஞ்சம் யோசித்துக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு இருக்கு. ராத்திரி ஆட்டோவில் வரும் தோழி பத்திரமாக வந்து சேர அது நல்ல வசதி. வந்து சேர்ந்த பிறகும் 'எங்க இருக்க, எங்க இருக்க' என்று ஓடிக்கொண்டிருந்தால் அதன் பெயர் வேறு.

சட்டம் என்ன சொல்லுது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. புட்டசாமி வழக்கு. ஆனால் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசுக்கு எதிரானவை. ஸ்டோரி போட்ட நண்பனை அதை வைத்து கோர்ட்டுக்கு இழுப்பது நடக்கிற காரியமில்லை.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்? அதில் தெளிவாகவே ஒரு விலக்கு இருக்கு. தனிநபர் ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நிறுவனங்களைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம் அது.

குற்றவியல் சட்டம் நுழையும் இடம் குறுகலானது, ஆனால் கடுமையானது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் அனுமதி இல்லாமல் படம் எடுப்பதோ, பரப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு பெண்களின் அந்தரங்கக் காட்சிகளைப் பற்றியது. அதில் இருக்கும் ஒரு விளக்கம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாம் நபருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால், அனுப்புவது குற்றம். 'அவளே தானே அனுப்பினா' என்ற வசனம் இந்த இடத்தில் எடுபடாது. 78-வது பிரிவு, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும், விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும் பின்தொடர்தல் குற்றமாகச் சொல்கிறது.

இப்படி அந்தரங்கப் படம் பரவினால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பெண்கள் உதவிக்கு 181. 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற சர்வதேச வசதியும் உண்டு. 18 வயது முடிந்தவர்கள் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, இதில் இணைந்துள்ள தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும்.

சாதாரண படங்களுக்கு வெளிநாட்டு நீதிமன்றங்கள் எப்படிப் பார்த்தன என்பதற்கு இரண்டு வழக்குகள். ஸ்வீடனில் 1998-ல் தேவாலயத் தன்னார்வலர் ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வலைப்பக்கம் செய்தார். கூட வேலை பார்த்த 18 பேரைப் பற்றி ஜாலியாக எழுதினார். அதில் ஒருவருக்குக் காலில் அடிபட்டு, மருத்துவக் காரணத்தால் அரைநேரம்தான் வேலைக்கு வருகிறார் என்ற வரியும் இருந்தது. சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததுமே பக்கத்தை நீக்கிவிட்டார். ஆனாலும் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அடிபட்ட கால் என்பதும் உடல்நலத் தகவல்தான், எண்ணற்றவர்கள் பார்க்கும்படி இணையத்தில் போட்டால் அது 'வீட்டு உபயோகம்' ஆகாது என்று 2003 நவம்பரில் தீர்ப்பு வந்தது. லிண்ட்க்விஸ்ட் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே வந்த தீர்ப்பு இது.

இன்னொன்று 2020 மே மாதம், நெதர்லாந்து. பேரக்குழந்தைகளின் படத்தை மகள் சொல்லியும் ஃபேஸ்புக்கிலிருந்து நீக்காத ஒரு பாட்டிக்கு, நீக்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ, அதிகபட்சம் 1,000 யூரோ கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நண்பரின் குழந்தை ஸ்கூல் யூனிஃபார்மில் நிற்கும் படத்தைப் போடத் துடிக்கும் 'மாமா'க்கள், 'அத்தை'கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். யூனிஃபார்மில் பள்ளியின் பெயர் இருக்கும்.

நமக்குள்ள என்ன பர்மிஷன்?

கேட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கேட்பதுதான் நமக்குக் கஷ்டம். 'நமக்குள்ள என்னடா பர்மிஷன்' என்பது நட்பின் பெருமையாகவே பேசப்படுகிறது. அது புதிதும் இல்லை. திருக்குறளில் 'பழைமை' என்று ஒரு அதிகாரம் இருக்கிறது, 81-வது. பழகிய நண்பர் கேட்காமலே உரிமையோடு ஒன்றைச் செய்தால் அதை விரும்பி ஏற்பார்கள் என்ற கருத்து அதில் வருகிறது. அந்த உரிமைக்கு அங்கே 'கெழுதகைமை' என்று அழகான ஒரு சொல்லும் உண்டு. நண்பனின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வதும், தட்டிலிருந்து முட்டையைத் தூக்குவதும் அந்த வகை. அந்த உரிமையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர் ஒரே ஒரு நண்பர், நட்டமும் ஒரு முட்டை. ஸ்டோரி போடும்போது 900 பேர் வருகிறார்கள். அவர்களில் யாருக்கும் உங்கள் நண்பரிடம் அந்த உரிமை கிடையாது.

கேட்பதற்குப் பெரிய முன்னுரை எதுவும் தேவையில்லை. படத்தை முதலில் குரூப்பில் அனுப்பி "இதை ஸ்டோரி போடலாமா? யாராவது வேணாம்னா சொல்லுங்க" என்று கேட்டால் போதும். ஆறு பேரில் ஒருவர் தயங்கினால் அவரைத் தவிர்த்த வேறு படம் போடலாம். குரூப்பில் எல்லார் முன்னாலும் மறுக்கச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால், விஷயம் பெரிது என்று தோன்றினால் தனியாகக் கேட்பது நல்லது. பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. ஒருமுறை 'ஓகே' சொன்னது எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. டூர் படத்துக்குச் சரி சொன்னவர், வீட்டுத் துக்கத்தில் எடுத்த படத்துக்கும் சரி சொன்னதாக ஆகாது.

மறுக்க வேண்டியவர்களுக்கும் வார்த்தை வேண்டும். "டேய், அந்தப் போட்டோவை எடுத்துடு ப்ளீஸ், வீட்ல ஒரு சிக்கல்" என்பது போதுமானது. என்ன சிக்கல் என்று விளக்க வேண்டிய கடமை கிடையாது. கமென்ட்டில் போய்ச் சொல்லாமல் நேரடி மெசேஜில் சொன்னால் போட்டவருக்கும் மானம் போகாது.

அந்த மெசேஜ் உங்களுக்கு வந்தால்? முதலில் நீக்குங்கள், அப்புறம் 'ஏன்' என்று கேட்டுக்கொள்ளலாம். அந்த ஐந்து நிமிட விவாதத்தில்தான் பார்க்கக் கூடாதவர் பார்ப்பார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜை எல்லாருக்கும் நீக்க சுமார் இரண்டரை நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குப் பிறகு முடியாது. நீக்கினாலும் யாராவது சேமித்திருக்கலாம் என்பதால், யார் யார் பார்த்தார்கள் என்ற வியூவர் லிஸ்டை நீக்கும் முன் ஒரு பார்வை பார்த்து நண்பரிடம் சொல்லிவிடுவது பெரிய உதவி. மேனேஜர் பார்த்துவிட்டாரா இல்லையா என்று தெரிந்தால் அவர் திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா, இன்றைக்கே பேசிவிடலாமா என்று முடிவு செய்வார்.

பழைய படங்கள் தனி ரகம். ஃபேஸ்புக் தினமும் காலையில் 'மெமரீஸ்' என்று ஏழு வருஷத்துக்கு முந்தைய படத்தைத் தூக்கிப் போடும். நமக்கு அது மலரும் நினைவு. அந்தக் கல்யாண ஆல்பத்தில் இருந்த ஜோடி இப்போது பிரிந்திருக்கலாம். அந்தக் காலேஜ் படத்தில் வேறு பெயரோடு, வேறு உடையில் நின்றவர் இன்று திருநங்கையாகத் தன் சொந்தப் பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அன்றைக்குச் சம்மதித்த ஆள் அவர்தான் என்றாலும், இன்றைக்கு ஷேர் செய்யும் முன் இன்னொரு முறை கேட்க வேண்டும். கேட்கவே சங்கடம் என்றால், மெமரீஸ் செட்டிங்ஸில் 'ஹைட் பீப்பிள்', 'ஹைட் டேட்ஸ்' என்று இரண்டு இருக்கின்றன. அந்தப் பெயரையோ தேதியையோ அதில் சேர்த்துவிட்டால், அந்தப் படம் இனி உங்கள் காலையில் வராது.